பாடத்தைக் கிழித்தால் பரிணாமம் நிற்குமா?

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியொன்றில் மூட்டை சுமக்கும் தோழர் அவர். வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறது. இடுப்பிலே அகலமான பட்டையொன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் லாரியிடம் போகிறார். பையன் சர்க்கார் பள்ளியில் பத்தாவது தேறி, தொழிற்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். பெண்ணையாவது பெரிய படிப்புப் படிக்கவைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, மத்தியப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளியொன்றிலே சேர்த்திருந்தார். 2024ஆம் ஆண்டுக் கோடையில் கூட்டமொன்றுக்காக நாம் அவ்வூர் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு, கையில் இரண்டு புத்தகங்களோடு அவர் நம்மிடம் வந்தார்.

"ஏனுங்க தோழர், பையனோட புஸ்தகத்துல உசுருக எப்படி உண்டாச்சுன்னு ஒரு பாடம் இருக்குதுங்க. காசு கட்டிப் படிக்கிற புள்ளையோட புஸ்தகத்துல அது இல்லீங்க. அச்சடிக்க மறந்துட்டாங்களா, இல்லாட்டிக் கிழிச்சுப் போட்டாங்களா?"

கிழித்துத்தான் போட்டார்கள், தோழர்களே! அன்று இரவு ரயிலடியில் உட்கார்ந்து அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். அவர் வீட்டுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல அது.

என்.சி.இ.ஆர்.டி. என்னும் மத்தியக் கல்வி ஆராய்ச்சிக் குழு வெளியிட்டுவந்த பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில், மரபுவழியும் பரிணாமமும் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. கொரோனாவால் பிள்ளைகளுக்குப் பாரம் மிகுந்துவிட்டது, குறைக்கிறோம் என்று 2022இல் அறிவித்தார்கள். 2023இல் அச்சாகி வந்த புத்தகத்தைப் புரட்டினால், அத்தியாயத்தின் பெயரே மரபுவழி என்று பாதியாகச் சுருங்கியிருந்தது! டார்வின் போனார். புதைபடிவங்கள் போயின. ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனம் எப்படிப் பிரிகிறது என்ற பகுதி போயிற்று. மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற பகுதியும் போயிற்று.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கொரோனாக் கிருமி ஆல்பா என்றும் டெல்டா என்றும் ஒமிக்ரான் என்றும் நம் கண்ணெதிரிலேயே உருமாறி உருமாறி வந்து, பரிணாமம் என்றால் இதுதான் என்று உலகத்துக்கே வகுப்பெடுத்த ஆண்டுகள் அவை. அந்தக் கிருமியையே சாக்காக வைத்துப் பரிணாமப் பாடத்தை எடுத்தார்கள்!

2023 ஏப்ரலில் 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, இது தகாது, பாடத்தைத் திருப்பி வையுங்கள் என்று கேட்டனர். மேலிடத்திலிருந்து வந்த சமாதானம் என்ன? பன்னிரண்டாம் வகுப்பிலே அந்தப் பாடம் இருக்கிறதே, என்றார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. யாருக்கு இருக்கிறது? பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுத்தவனுக்கு. பத்தாவதோடு நின்று பட்டறைக்குப் போகிறவனுக்கு? ஐ.டி.ஐ.யில் சேர்ந்து ஃபிட்டர் வேலை கற்பவனுக்கு? கணக்குப் பதிவியல் எடுப்பவளுக்கு? மில்லுக்குப் போகும் பெண்ணுக்கு? டாக்டராகப் போகிறவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும், தன் இனத்தின் வரலாறு மற்றவர்களுக்கு எதற்கு என்பதுதானே இதன் பொருள்! கோயிலின் உள்ளே சிலர், வெளியே பலர் என்று முன்பு கோடு போட்டார்கள். இப்போது அந்தக் கோடு பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவே விழுந்திருக்கிறது.

நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியலிலோ, உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று தனியாக ஓர் அலகே வைத்திருந்தார்கள். காசு கட்டாத பையனுக்குக் கிடைத்த விஷயம், கடன் வாங்கிக் காசு கட்டிய வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. தோழரின் திகைப்பு நியாயமானதுதான்.

பாரம் குறைத்ததாகச் சொன்ன பேச்சை நாம் ஏன் நம்பவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2018 ஜனவரியில், ஔரங்காபாத்தில் ஒரு பேச்சு நடந்தது. பேசியவர் கல்வி இலாகாவின் அன்றைய இணை மந்திரி சத்யபால் சிங். டார்வின் சொன்னது விஞ்ஞானப்படி தவறு. குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் எவரும் சொன்னதுமில்லை, எழுதியதுமில்லை. ஆகவே பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் மாற்ற வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகளும் ஒன்றுசேர்ந்து மறுப்பு வெளியிட்டன. இப்படிப் பேசாமலிருங்கள் என்று இலாகாவின் மூத்த மந்திரியே அவருக்குச் சொல்ல நேர்ந்தது.

இந்த மந்திரி முன்பு யார் தெரியுமா? பம்பாய் நகரின் போலீஸ் கமிஷனர்! நேரில் பார்த்தவன் இல்லையென்றால் குற்றமே நடக்கவில்லை என்று அவர் தம் உத்தியோக நாளில் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா? இரவில் பூட்டை உடைத்தவனைப் பார்த்தவன் யார்? ஒருவருமில்லை. ஆனால் கைரேகை இருக்கிறது, காலடி இருக்கிறது, களவுபோன நகை அடகுக்கடையில் இருக்கிறது. வழக்கு நிற்கிறது, தண்டனையும் கிடைக்கிறது.

அப்படிப்பட்ட கைரேகை நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கிறது. சிம்பன்சிக் குரங்கின் உயிரணுவில் 24 ஜோடி குரோமோசோம்கள். மனிதனுக்கு 23 தான். ஒரு ஜோடி எங்கே போயிற்று? மனிதனின் 2ஆம் எண் குரோமோசோமைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. குரோமோசோமின் இரு கோடிகளில் மட்டுமே இருக்கவேண்டிய முனை அடையாளம், இந்த ஒன்றில் மட்டும் நடுவயிற்றிலும் இருக்கிறது. 1991இல் ஆராய்ச்சியாளர் இதைக் கண்டு வெளியிட்டார்கள். ரயில்வேத் தோழரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு நொடியில் விளங்கிக்கொள்வார். ஒரு நீளப் பெட்டியின் நட்டநடுவிலே பஃபர் ஒட்டிக்கொண்டிருந்தால், இரண்டு பெட்டிகளை முட்டவைத்து ஒட்டியது இது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார் அல்லவா? பழைய இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி நமக்கு ஒன்றாயின. குரங்குக்கு இன்னும் இரண்டாகவே இருக்கின்றன.

ஒன்றை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும், நம் மேடைகளிலும் பலர் தவறாகவே பேசுகிறார்கள். இன்று மரத்திலே இருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வின் சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் பொதுவான ஒரு மூதாதை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது, கிளை பிரிந்தோம் என்பதே செய்தி. கொங்குநாட்டுக்காரருக்கு ஒரு சொல் போதும். குரங்கு நமக்குப் பாட்டனல்ல, பங்காளி!

சரி, கைரேகை வேண்டாம், கண்ணால் கண்டதே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கும் சாட்சி உண்டு. பருத்திக் காட்டுக்கு வரச் சொல்லுங்கள். கோவையின் பஞ்சாலைகளுக்குப் பஞ்சு அனுப்பும் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் நடந்த கதை இது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடிக்குள்ளேயே வைத்து உண்டாக்கிய பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கொடுத்தார்கள். முதலில் புழு செத்தது, விவசாயி மகிழ்ந்தான். ஆனால் கோடிக்கணக்கான புழுக்களிலே எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையா? இல்லை. எங்கோ சிலவற்றுக்கு, பிறவியிலேயே ஏற்பட்ட சிறு வேறுபாட்டால், நஞ்சு ஏறவில்லை. மற்றவை செத்தன, இவை பிழைத்தன. பிழைத்தவை குஞ்சு பொரித்தன. குஞ்சுகளும் தாயைப்போல நஞ்சுக்கு அசையவில்லை. எட்டே ஆண்டுகள்! 2010இல், குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல்தலைமுறை பி.டி. பருத்தியைத் தின்று பிழைக்கிறது என்று அந்த விதையின் சொந்தக்காரரான மான்சாண்டோ கம்பெனியே ஒப்புக்கொண்டது. இரண்டாவது நஞ்சையும் சேர்த்துச் செய்த விதைக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது.

பிறவியில் வேறுபாடு, சூழலின் நெருக்கடி, பிழைத்தது பெருகுதல். டார்வின் 1859இல் எழுதிய இயற்கைத் தேர்வு இதுதான். இதற்கு மேலே மந்திரமோ மாயமோ கிடையாது.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பருத்தி விதை வாங்கியவர்களுக்கு 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்றும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது நிலத்தில் ஐந்திலொரு பங்கு அதை விதைக்க வேண்டும் என்பது விதி. எதற்கு? நஞ்சு ஏறக்கூடிய புழுக்களும் கொஞ்சம் உயிரோடிருந்து, நஞ்சு ஏறாதவற்றோடு இணைந்து, அவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்தட்டும் என்பதற்காக. பரிணாமத்தைக் கணக்குப் போட்டு வைத்த விதி அது. போட்டது மத்திய சர்க்கார்! புழுவுக்குப் பரிணாமம் உண்டென்று சர்க்காரின் ஒரு இலாகா சட்டம் போடுகிறது, மனிதனுக்கு இல்லையென்று இன்னொரு இலாகாவின் மந்திரி மேடையேறுகிறார். காரணத்தை ஒருவரும் எடுத்துச் சொல்லாததால், விவசாயிகளில் பலர் அந்தச் சிறு பொட்டலத்தை விதைக்கவேயில்லை. பரிணாமப் பாடம் தெரியாததன் விலையை அவர்கள் மருந்துக்கடையில் கொடுத்தார்கள்.

இந்தப் புழுவை விட்டு நகருமுன், தகுதி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தகுதியுள்ளது பிழைக்கும் என்று ஒரு வாசகம் உலாவுகிறது. அது முதலில் டார்வின் வாயில் பிறந்ததல்ல. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது, டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார். முதலாளி தன் லாபத்துக்கும், மேல்சாதிக்காரன் தன் உத்தியோகத்துக்கும் இதைக் கேடயமாகப் பிடித்ததுண்டு. தகுதி, திறமை என்று நம்மிடம் எவ்வளவு காலமாகப் பாடம் படித்திருக்கிறார்கள்! பருத்திக் காட்டைப் பார்த்தவனுக்கு இதிலுள்ள புரட்டு தெரியும். நஞ்சிலே பிழைத்த புழு, செத்த புழுவைவிட உயர்ந்த புழுவா? அறிவாளிப் புழுவா? அந்த வயலுக்கு, அந்த நஞ்சுக்கு அது பொருந்தியது, அவ்வளவே. வேறு நஞ்சடித்தால் அதுவே சாகும். உயிரியலில் தகுதி என்றால் இடத்துக்குப் பொருத்தம். உயர்குலம் என்று பொருளல்ல.

மந்திரியைவிட நயமாகப் பேசும் இன்னொரு கூட்டம் உண்டு. இவர்கள் வேதத்தை முன்வைக்கமாட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம், இன்ஜினிலே பல்சக்கரம், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மலையேறுகிறது. இவ்வளவு நுட்பம் தானாக வந்ததா? ஒருவன் திட்டமிட்டுச் செய்ததல்லவா? அப்படியானால் கல்லாறு தாண்டி வரும் யானை? அந்தத் தும்பிக்கை? உங்கள் கண்? அவற்றையும் ஓர் அறிவுள்ளவன் திட்டமிட்டுத்தானே செய்திருக்க வேண்டும் என்று முடிப்பார்கள். கேட்பதற்கு இனிக்கும். புதிய வாதமுமல்ல. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னதுதான்.

மலை ரயில் இன்ஜினுக்குச் செய்தவர் இருக்கிறார். நாம் கையெடுத்துக் கும்பிடத் தயார்! சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் அவர்கள். பிற்பாடு, 2011 முதற்கொண்டு, அதே மாதிரிப் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து அனுப்பியவர்கள் நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனைத் தோழர்கள். வரைபடம் உண்டு, வார்ப்படம் உண்டு, சம்பளப் பட்டியல் உண்டு. ஆனால் இன்ஜின் குட்டி போடாது. குட்டி போடாததில் பிறவி வேறுபாடு இல்லை, பெருக்கமில்லை, தேர்வு இல்லை. யானை குட்டி போடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மறைத்துவிட்டால்தான் அவர்கள் வாதம் நிற்கும்.

யானையையே பார்ப்போமே. தேக்கம்பட்டியில் பவானிக் கரையிலே கோயில் யானைகளுக்கு ஆண்டுதோறும் முகாம் நடந்த நாட்களில் கூட்டம் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த யானையின் வாய்க்குள்ளே இருக்கும் அதிசயத்தைப் பாகனைக் கேட்டால் சொல்வான். யானைக்குக் கடைவாய்ப் பல் மேலும் கீழுமாக முளைத்து விழுவதில்லை. பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வருகிறது. தேய்ந்த பல் முன்பக்கம் உடைந்து விழ, அடுத்தது வந்து நிற்கும். வாழ்நாளில் ஆறே தடவை. ஆறாவதும் தேய்ந்தபிறகு, அறுபதைத் தாண்டிய அந்தக் கிழ யானை, தீனி எதிரிலே கிடக்க, மெல்ல முடியாமல் பட்டினியால் சாகிறது. ஏழாவது பல்லை வைக்க மறந்த பொறியாளன் யார்? பொன்மலையில் ஒரு மேஸ்திரி இப்படி வேலை செய்திருந்தால் அன்றைக்கே விளக்கம் கேட்டிருப்பார்கள். பரிணாமக்காரருக்கு இதிலே சங்கடமே இல்லை. குட்டிகளைப் பெற்று வளர்த்துவிடும் வயதுவரை பல் தாங்கினால் வம்சம் தொடரும்; அதற்கப்பாலும் பல் முளைக்க வேண்டுமென்று இயற்கையில் எந்த நெருக்கடியும் பெரிதாக இல்லை.

யானைக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய பங்காளிகளில் ஒன்று எது என்று மேட்டுப்பாளையத்தில் கேட்டோம். எருமை என்றார் ஒருவர், காண்டாமிருகம் என்றார் இன்னொருவர். இரண்டுமில்லை. தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் பாக் நீரிணையில் கடற்புல் மேய்கிறதே கடற்பசு, 2022இல் தமிழக அரசு காப்பகம் அறிவித்ததே, அதுதான்! மலையில் ஒன்று, கடலில் ஒன்று. ஆனால் இரண்டுக்கும் பால்மடி, பசுவைப்போலப் பின்னங்கால் பக்கமில்லை. முன்னங்கால் அருகே, நெஞ்சிலே இருக்கிறது. யானையின் தந்தமும் சரி, ஆண் கடற்பசுவின் தந்தமும் சரி, முன்வாய்ப் பற்கள் நீண்டவை. மரபணுவைப் பார்த்தாலும் அதே உறவு. இரண்டின் வழியும் பிரிந்து ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகளாகின்றன.

பிரிந்த வழியில் நடுவே நின்ற பிராணி எங்கே, காட்டு என்று சவால் விடுவார்கள். நம் நாட்டு மண்ணே ஒன்றைக் காட்டியது. காஷ்மீரின் காலாகோட்டில் ஏ. ரங்கராவ் என்ற நிலவியல் அறிஞர் கற்களைச் சேகரித்து வைத்துவிட்டுக் காலமானார். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லை உடைத்து ஆராய்ந்தபோது, சிறு மான் போன்ற நாலுகால் பிராணியின் மண்டையோட்டிலே, திமிங்கிலத்துக்கே உரிய காது எலும்பு இருந்தது! 2007இல் உலகம் அதை அறிந்தது. வயது சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகள். இந்தோஹையஸ் என்று இந்தியாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தேசபக்தியை மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறவர்கள், இந்த மண்ணின் இந்தப் பெருமையைப் பாடத்தில் வைத்தாலென்ன?

திட்டமிட்ட படைப்பு என்ற பேச்சு அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறி அவமானப்பட்ட கதையும் நம் தோழர்கள் அறியவேண்டியது. 1987இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், படைப்புவாதத்தை விஞ்ஞானம் என்ற பெயரில் அரசுப் பள்ளியில் கட்டாயமாக்கக் கூடாதென்று தீர்ப்பளித்தது. உடனே சரக்கின்மேல் ஒட்டியிருந்த சீட்டை மாற்றினார்கள். படைப்பு என்பதற்குப் பதில் அறிவார்ந்த வடிவமைப்பு! பென்சில்வேனியாவின் டோவர் என்ற சிற்றூரில், 2004இல் பள்ளிக்குழு ஓர் அறிக்கையைத் தயாரித்து, உயிரியல் வகுப்பில் வாசிக்கச் சொன்னது. விஞ்ஞான ஆசிரியர்கள் வாசிக்கமாட்டோம் என்று மறுத்தார்கள். நிர்வாகிகள் வந்து வாசித்தார்கள். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர்.

விசாரணையில், அந்தக் கூட்டத்தார் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய கையெழுத்துப் படிகள் வெளிவந்தன. 1987க்கு முன்பு படைப்புவாதிகள் என்றிருந்த இடமெல்லாம், பின்பு வடிவமைப்பு ஆதரவாளர்கள் என்று ஆகியிருந்தது. ஓரிடத்தில் அவசரத்திலே பழைய சொல்லை முழுக்க அழிக்காமல் புதியதைச் செருகிவிட்டதால், தலை ஒன்று, வால் ஒன்று, நடுவிலே இன்னொன்று என்று ஒரு விகாரச் சொல் அந்தப் படியில் நின்றது. இடைப்பட்ட உருவத்தைக் காட்டு காட்டு என்று கேட்டவர்கள், தாங்களே ஒன்றைப் பெற்றுவைத்திருந்தார்கள்! அவர்கள் தரப்பின் பெரிய விஞ்ஞானி மைக்கேல் பீஹி, தம் இலக்கணப்படி பார்த்தால் சோதிடமும் விஞ்ஞானக் கோட்பாட்டில் சேரும் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பில் பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன கென்னத் மில்லரோ கத்தோலிக்க மதநம்பிக்கையாளர். கடவுளைக் கும்பிடுகிறவன் பரிணாமத்தை ஏற்கக்கூடாது என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு எழுதினார். இது விஞ்ஞானமல்ல, மதமே என்றார். அவர் யாரோ நாத்திகர் நியமித்த நீதிபதியல்ல, ஜார்ஜ் புஷ் நியமித்தவர். வழக்குச் செலவாகப் பத்து லட்சம் டாலர் பள்ளிக்குழுவின் தலையில் விழுந்தது. அதற்கு முன்பே ஊர்மக்கள் தேர்தலில் அந்தக் குழுவினரைத் தோற்கடித்திருந்தார்கள்.

இனி, நம் மண்டித் தோழரின் இடுப்புக்கு வருவோம்.

நாலு காலால் நடக்கும் பிராணியின் முதுகெலும்பு, கூரையின் உத்திரம் போன்றது. கிடையாக நின்று, கீழே தொங்கும் பாரத்தைத் தாங்கும். நம் மூதாதைகள் நிமிர்ந்தபோது, புதிதாக ஒரு தூணை யாரும் செய்து தரவில்லை. இருந்த உத்திரத்தையே செங்குத்தாக நிறுத்தி, வளைத்துக் கொடுத்து, ஒப்பேற்றவேண்டியதாயிற்று. பாரமெல்லாம் இடுப்புக்கு மேலே உள்ள கடைசிச் சில எலும்புகளிலும், அவற்றின் நடுவிலுள்ள வட்டுகளிலும் இறங்குகிறது. மூட்டை தூக்குகிறவனுக்கு அந்த வட்டு பிதுங்குவது அதனால்தான்.

குடலிறக்கம் என்கிறார்களே, டாக்டர்கள் ஹெர்னியா என்கிறார்களே, அது மண்டிகளில் சர்வசாதாரணம். ஆண் குழந்தை கருவிலிருக்கும்போது விரைகள் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்தின் அருகே உண்டாகின்றன. பிறகு வயிற்றுச் சுவரை விலக்கிக்கொண்டு கீழே இறங்குகின்றன. இறங்கிய வழி பலவீனமாகவே நின்றுவிடுகிறது. நாற்பது வயதில் மூட்டையைத் தூக்கி மூச்சைப் பிடிக்கும்போது, குடல் அந்த வழியே எட்டிப் பார்க்கிறது. யானைக்கோ விரைகள் கடைசிவரை வயிற்றுக்குள்ளேயே, சிறுநீரகத்தின் பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. இறங்குவதுமில்லை, அந்த ஓட்டையுமில்லை. மரம் இழுக்கும் யானைக்குக் கொடுத்த சலுகையை மூட்டை சுமக்கும் மனிதனுக்கு மறுத்த அந்த அறிவார்ந்த வடிவமைப்பாளருக்குத் தொழிலாளியின்மேல் என்ன கோபமோ!

சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. உடம்பு குறையே இல்லாமல் படைக்கப்பட்டது என்று நம்புகிறவன், இடுப்பு ஒடிந்தால் என்ன நினைப்பான்? என் கர்மம், என் தலையெழுத்து, போன பிறவிப் பாவம். மண்டிக்காரனுக்கு இதைவிடச் சௌகரியமான தத்துவம் உண்டா? உடம்பு என்பது பழைய பாகங்களை ஒட்டுப்போட்டுப் பிழைத்துவந்த ஒரு வரலாறு, இந்தப் பாரத்துக்கு அது ஆகவில்லை என்று தெரிந்தவன் வேறு கேள்வி கேட்பான். மூட்டையின் எடை என்ன? ஒரு நாளில் எத்தனை மூட்டை? தள்ளுவண்டி ஏன் இல்லை? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, வளர்ந்த ஆண் ஒருவன் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரை செய்ததே, அது எத்தனை மண்டிகளில் நடக்கிறது? பரிணாமப் பாடத்துக்கும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலுக்கும் இருக்கும் உறவு இதுதான்.

நம் வீட்டையும் கொஞ்சம் கூட்டவேண்டும். 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் ஜி. நாகேஸ்வரராவ், தசாவதாரமே டார்வினைவிடச் சிறந்த கோட்பாடு என்று பேசியபோது நாம் சிரித்தோம். மீன் ஆமையைப் பெற்றதென்றோ, பன்றி நரசிம்மத்தைப் பெற்றதென்றோ எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஒரே ஆள் பத்து வேஷம் போட்ட கதை அது. சரிதான். ஆனால் தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவுவரை உயிர்களை வகுத்திருப்பதைக் காட்டி, டார்வினை எங்கள் தொல்காப்பியர் முந்திவிட்டார் என்று நம் மேடைகளில் முழங்குகிறார்களே, அதற்கு யார் சிரிப்பது? புலன்களைக் கொண்டு உயிர்களைத் தரம்பிரித்த கூர்மையான பார்வை அது. நம் பெருமைதான். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தது என்று அங்கே சொல்லப்படவில்லை. வகுப்பது வேறு, வம்சாவளி காண்பது வேறு. வடக்கே ஒரு நீதி, தெற்கே ஒரு நீதி என்று நாம் பேசமுடியாது. இந்த மண்ணுக்குப் பெருமை வேண்டுமென்றால், 1930களிலேயே பாட்டாளிக்குப் புரியும் தமிழில் விஞ்ஞானத்தையும் டார்வினையும் எழுதிப் பரப்பினாரே சிங்காரவேலர், அந்த உழைப்பைச் சொல்லிப் பெருமைப்படலாம்.

இந்தப் பாடத்தின்மேல் அவர்களுக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? நம் கருத்தில், விலங்கைப் பற்றிய சண்டையே அல்ல இது. முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், பாதத்தில் பிறந்தவன் என்று அடுக்கிவைத்த கோபுரம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே இனத்தின் பிள்ளைகள் என்று பத்தாம் வகுப்புப் பையன் படித்துவிட்டால், அந்தக் கோபுரத்தின் அடிக்கல் ஆடும். 2019 ஜூலையில் மக்களவையில் அதே சத்யபால் சிங், நாமெல்லாம் ரிஷிகளின் சந்ததிகள் என்றார். எழுந்து பதில் சொன்னவர் தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி. தம் முன்னோர் ரிஷிகளல்லர், விஞ்ஞானம் சொல்லும் ஹோமோ சேப்பியன்ஸ் என்றார். தம் பெற்றோர் சூத்திரர்கள், எந்தக் கடவுளின் எந்த அங்கத்திலிருந்தும் பிறந்தவர்களல்லர் என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டு பேச்சையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பாடம் ஏன் கிழிபட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவில் எழுதியிருக்கிறது, 1976இல் சேர்த்தது. குடிமகனுக்குக் கடமை என்றால் பாடம் அச்சடிப்பவனுக்கு இல்லையா? இதை டில்லி பார்த்துக்கொள்ளும் என்று நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் படிப்பகங்களில் தினத்தாள்களோடு மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்றும் மேசைமேல் இருக்கட்டும். மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் தோழர்கள், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, எங்கள் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை நீங்களாக நடத்தித் தருவீர்களா என்று மரியாதையாகக் கேட்கட்டும். நடத்தக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. பரீட்சையில் வராது, அவ்வளவுதான். டோவரில் வழக்குப் போட்டவர்களும் உங்களைப்போன்ற பெற்றோர்தாம்.

அன்றிரவு ரயிலடியில் இவ்வளவையும் தோழர் பொறுமையாகக் கேட்டார். பெண்ணிடம் அண்ணனின் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன் என்றார். தமிழில் இருக்கிறதே, அவள் இங்கிலீஷில் அல்லவா படிக்கிறாள் என்று கேட்டோம். வீட்டில் தமிழ்தானே பேசுகிறாள் என்றார். எழுந்து, இடுப்புப் பட்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, புறப்படும்போது திரும்பி நின்றார்.

"யானைக்கு அந்த ஓட்டை இல்லவே இல்லீங்களா?"

இல்லை என்றோம்.

"குடுத்து வெச்சதுங்க" என்றார்.